தோவாளைப் பூ வண்டியில் வந்த பந்து

வீடியோ கேம் கடையில் விற்பது கால் பங்கு வேலை. சரக்கு எங்கே நிற்கிறது என்று போன் போட்டுக் கேட்பது முக்கால் பங்கு வேலை. மருந்துக் கடையோ, செல்போன் கடையோ, ஜவுளிக் கடையோ, எங்கோ இருக்கிற ஒரு குடோனை நம்பி ஷட்டரைத் தூக்குகிற எல்லோருக்கும் இது தெரிந்திருக்கும். “கிளம்பிடுச்சு மேடம்” என்ற ஒரு வார்த்தையை நம்பி வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, பிறகு அவர் தலை தெருமுனையில் தெரிந்ததும் மேஜைக்கு அடியில் குனிந்து எதையோ தேடுவதுபோல் நடித்திருக்கிறீர்களா? வெட்கப்படாதீர்கள். நானும் குனிந்திருக்கிறேன், இடுப்பு பிடித்துக்கொள்ளும் வரைக்கும்.

என் கடை திங்கள்நகர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அறை. கணவருக்கு ஷார்ஜாவில் எலக்ட்ரானிக்ஸ் கடையில் வேலை. அவர் கொடுத்த யோசனை, நான் கொடுத்த உழைப்பு. எனக்கு விளையாட வராது. இன்றுவரை ஒரு கோல் போட்டதில்லை. ஆனால் எந்த டிஸ்க் எந்த மெஷினில் ஓடும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். குளச்சல், மண்டைக்காடு, குறும்பனை என்று கடற்கரை ஊர்க்காரர்கள்தான் என் பிழைப்பு. அங்கே பந்து என்றால் கால்பந்து. வேறு எந்தப் பந்தும் பந்தில்லை. வருஷத்துக்கு ஒரு முறை புதுப் பந்து கேம் வெளியாகும். எந்த ஆட்டக்காரர் எந்த அணிக்கு மாறினார் என்பதெல்லாம் அதில்தான் சரியாக இருக்கும். அது வெளியாகிற அன்றைக்கே என் கடையில் இருக்க வேண்டும். அதற்காக மூன்று வருஷம் நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

மதுரையில் நிற்கிறது

முதல் வருஷம் ஒன்றும் தெரியாது. ஆர்டர் கொடுத்தால் வந்துவிடும் என்று நினைத்தேன். பெங்களூர் குடோனிலிருந்து சரக்கு சென்னைக்குப் போகும். சென்னையில் பெரிய கடைகளுக்குப் பிரித்துக் கொடுத்த மிச்சம் மதுரைக்கு வரும். மதுரையில் தெற்கே போகிற லோடு சேரும்வரை காத்திருக்கும். பிறகு திருநெல்வேலி, பிறகு நாகர்கோவில், கடைசியாகத் திங்கள்நகர். திருவனந்தபுரத்துக் கடைகளுக்கோ அதே சரக்கு விமானத்தில் போய் முதல் நாளே இறங்கிவிடும். எனக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவே ஐம்பது சொச்சம் கிலோமீட்டர். எங்கள் சரக்குக்கு நடுவே பதினோரு நாள்.

ஜெரோம் என்று ஒரு வாடிக்கையாளர். குளச்சலில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர், ஊர் கால்பந்து கிளப்புக்குக் கேப்டன். கேம் வெளியான அன்று கடைக்கு வந்து கேட்டார். மதுரையில் நிற்கிறது என்றேன். சரியென்று கடலுக்குப் போனார். எட்டு நாள் கழித்துத் திரும்பி வந்தார். அன்றைக்கும் மதுரையில்தான் நின்றது. எனக்குக் குனிய நேரமில்லை, நேராகப் பார்த்துவிட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் பொறுமையாக மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்: “அக்கா, நான் கடலுக்குப் போயி, சூரை மீன் பிடிச்சு, கரைக்குக் கொண்டு வந்து, அது திருவனந்தபுரத்துல கொழம்பும் ஆயாச்சு. ஒங்க பார்சல் இன்னும் மதுரை தாண்டல்ல.”

நாலுக்கு இருபது

பன்னிரண்டாம் நாள் பெட்டி வந்தது. ஆசையாகப் பிரித்தேன். இருபது பந்து கேமும் நாலு கிரிக்கெட்டும் கேட்டிருந்தேன். நாலு பந்து கேமும் இருபது கிரிக்கெட்டும் இருந்தன. சென்னையில் இருந்த ஏரியா மேனேஜரைக் கூப்பிட்டேன். தமிழ்நாட்டில் சென்னை தாண்டினால் எல்லோரும் கிரிக்கெட்தான் கேட்பார்கள் மேடம், நாங்களே உங்களுக்குச் சரிபண்ணி அனுப்பினோம் என்றார். என் ஆர்டரை என் நன்மைக்காகத் திருத்தியிருக்கிறார். நன்றி வேறு எதிர்பார்த்தார்.

திருப்பி அனுப்பினால் மறுபடியும் மதுரை. யோசித்துவிட்டு அதே கம்பெனியில் சரக்கு எடுக்கிற திருநெல்வேலி கடைக்காரருக்குப் போன் போட்டேன். முன்பின் தெரியாதவர். கிரிக்கெட் வேண்டுமா என்று கேட்ட மாத்திரத்தில், “தெய்வமே, எங்கிட்ட பந்து கெடக்கே” என்றார். அவர் கேட்டது கிரிக்கெட். அவருக்கு வந்தது பந்து கேம்! மறுநாளே அவர் அங்கிருந்து ஒரு பஸ் ஏற, நான் இங்கிருந்து ஒரு பஸ் ஏற, காவல்கிணறு விலக்கில் சந்தித்தோம். ரோட்டோரக் கடையில் டீ குடித்தபடி பதினாறுக்குப் பதினாறு மாற்றிக்கொண்டோம். பெண்ணை வீட்டுக்கு அழைத்து வருகிற மாதிரி அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கிளம்பும்போது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “மேடம், அந்த மேனேஜருக்கு மேப்பைத் தலைகீழாப் புடிக்கிற பழக்கம் போல.”

ஷார்ஜாப் பெட்டி

இரண்டாம் வருஷம் கம்பெனியை நம்பவில்லை. ஷார்ஜாவில் அன்றைக்கே வெளியாகிறதே, அங்கிருந்து பன்னிரண்டு டிஸ்க் வாங்கி, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்று கணவரிடம் சொன்னேன். அவரும் கருங்கல் பக்கத்து நண்பர் ஒருவரிடம் கொடுத்தார். வெள்ளிக்கிழமை வாங்கினார், சனிக்கிழமை விமானம், மத்தியானம் திருவனந்தபுரம், சாயங்காலம் கருங்கல். கணக்கு அவ்வளவு அழகாக இருந்தது.

ஆனால் ஒன்றை மறந்துவிட்டேன். நம் ஊரில் கல்ஃபிலிருந்து ஆள் வந்த அன்றைக்கே போய் “என் சாமானைக் கொடு” என்று கேட்க முடியுமா? மூன்று நாளாவது ஆக வேண்டும். சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்து, அவர்கள் முன்னால்தான் பெட்டி பிரிப்பார்கள். நான் மரியாதைக்கு நாலாம் நாள் போனேன். பெட்டி காலி. அந்த மனிதர் தூக்கக் கலக்கத்தில் இருக்க, அவருடைய அக்கா முன்னின்று சோப்பு, சென்ட், தைலம் என்று பங்கு வைத்திருக்கிறார். பளபளவென்று பன்னிரண்டு டிஸ்க். ஏதோ பாட்டு என்று நினைத்து வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தாகிவிட்டது.

அந்த அக்காவையே கூட்டிக்கொண்டு ஆட்டோவில் இறங்கினேன். மார்த்தாண்டம், புதுக்கடை, கொல்லங்கோடு என்று இரண்டு நாள். பரிசாகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது லேசான காரியமில்லை. வீட்டுக்கு வீடு டீ குடித்து, பேரன் படிப்பு விசாரித்து, அப்புறம்தான் பேச்சையே எடுக்க வேண்டும். பதினொன்றை மீட்டுவிட்டேன். பன்னிரண்டாவது இருந்தது கொல்லங்கோட்டில் ஒரு பெரியம்மா வீட்டில். டி.வி.டி.யில் போட்டுப் பார்த்து, ஒன்றும் ஓடாமல், துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார். எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “நான் சேலை கொண்டு வருவான்னு இருந்தேன் மக்களே. அவன் பந்து கொண்டு வந்திருக்கான். ஒனக்காவது ஒதவட்டு.”

பலகை

அந்தப் பன்னிரண்டு டிஸ்க் விஷயம் மேனேஜர் காதுக்கு எப்படியோ போய்விட்டது. மூன்றாம் வருஷக் கேம் வெளியாவதற்குச் சில வாரம் முன்னால் நேரிலேயே வந்தார். வெளிநாட்டுச் சரக்கு விற்றால் டீலர்ஷிப் கிடையாது என்றார். இனி விற்கமாட்டேன், வெளியாகிற அன்றே எனக்கும் சரக்கு கொடுங்கள் என்றேன். முதல் நாள் பட்டியலில் திங்கள்நகர் இல்லை என்றார். எப்படி வரும் என்று கேட்டேன். முதல் வாரத்தில் முப்பது டிஸ்க் விற்றுக் காட்ட வேண்டுமாம். இந்த வருஷம் முப்பது விற்காவிட்டால் டீலர்ஷிப்பை நாகர்கோவிலில் வேறு கடைக்கு மாற்றிவிடப் போவதாகவும் சொன்னார். பத்து நாள் பிந்தி வருகிற சரக்கை முதல் வாரத்தில் எப்படி ஐயா விற்பது? இதைக் கோபமாகவே கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, வேண்டுமானால் வெளியாவதற்கு முந்தின நாள் மத்தியானம் பெங்களூர் குடோனில் உங்கள் பெட்டியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். முடியாது என்பதைத்தான் அப்படிச் சொன்னார்.

நான் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். மறுநாளே பெயிண்டரைக் கூப்பிட்டு ஒரு பலகை எழுதி வாசலில் மாட்டினேன்: “புதிய பந்து கேம். வெளியாகும் அன்றே, காலை பத்து மணிக்கு, இங்கே கிடைக்கும்.” எப்படி வரும் என்று எனக்கே தெரியாது. பஸ் ஸ்டாண்டில் இறங்குகிற அத்தனை பேரும் அதைப் படித்துவிட்டுத்தான் போனார்கள். ஜெரோம் மட்டும் இரண்டு தடவை படித்தார். இருபத்திரண்டு பேருடைய பெயரை எழுதிக் கொடுத்தார், தன் பெயரை முதலில் போட்டு. இந்தத் தடவையும் வரவில்லை என்றால் கிளப்பே இனி திருவனந்தபுரத்தில்தான் வாங்கும் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எனக்குப் புரிந்தது. படியிறங்கும்போது பலகையைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “நாங்க வாசிச்சாச்சு அக்கா. இனி பார்சலுக்க கண்ணுல பட்டா போதும்.”

வாடுகிற சாமான்

என் தம்பி பெங்களூரில் வேலை பார்த்தான். குடோனில் பெட்டியை எடுக்க அவன் இருக்கிறான். எடுத்த பிறகு? கூரியரில் மூன்று நாள். ஆம்னி பஸ்காரர்கள் அந்த வாரம் பண்டிகைக் கூட்டம், பார்சல் ஏற்ற மாட்டோம் என்றார்கள். ரயில் பார்சலில் எந்த ஸ்டேஷனில் இறக்குவார்கள் என்று உறுதி சொல்ல ஆளில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை கடைக்குப் பூ வாங்கினேன். ரோஜா இதழில் தண்ணீர் நின்றது. எந்த ஊர் ரோஜா என்று பூக்காரியிடம் சும்மா கேட்டேன். ஓசூர், நேற்றுச் சாயங்காலம் பறித்தது என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. ஓசூர் ரோஜா ஒரே ராத்திரியில் திங்கள்நகருக்கு வருகிறது, பக்கத்திலிருக்கிற பெங்களூரிலிருந்து என் பெட்டி வரப் பதினோரு நாளா?

அன்றைக்கே தோவாளைப் பூச்சந்தைக்குப் போனேன். ஓசூர் ரோஜாவை மொத்தமாக இறக்குகிற அண்ணாச்சி ஒருவரைக் கண்டுபிடித்து விஷயத்தைச் சொன்னேன். அவர் காதில் பென்சிலோடு கேட்டுக்கொண்டிருந்தார். இரும்பு, பிளாஸ்டிக், ஸ்பேர் பார்ட்ஸ் என்று தினமும் யாராவது வந்து வண்டியில் இடம் கேட்பார்களாம், ஒருவருக்கும் கொடுப்பதில்லையாம். உன் பெட்டியில் என்ன என்று கேட்டார். வீடியோ கேம் என்றால் புரியுமோ என்னவோ என்று தயங்கினேன். பிறகு உள்ளதைச் சொன்னேன்: “வெள்ளிக்கிழமை காலையில வந்தா விக்கும் அண்ணாச்சி. ரெண்டு நாள் பிந்தினா சீண்ட ஆளில்ல.” அவர் பென்சிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். “அத மொதல்லயே சொல்லப்பிடாதா மக்களே? வாடுத சாமான்னா ஏத்திரலாம். வாடாத சாமானுக்குத்தான் எனக்க வண்டியில எடமில்ல.”

களியக்காவிளை வரை

வியாழக்கிழமை மத்தியானம் தம்பி குடோனில் நாற்பது டிஸ்க் எடுத்தான். ஓசூருக்குப் பஸ்ஸில் கொண்டு போனான். நசுங்காமல் இருக்க ரோஜா வைக்கிற அட்டைப் பெட்டியிலேயே கட்டச் சொன்னார் டிரைவர். பழைய பெட்டி ஒன்றும் கொடுத்தார். தம்பி கம்பெனி உத்தியோகஸ்தன் அல்லவா, என் பெயர், கடை, தெரு, பின்கோடு எல்லாம் குண்டு குண்டாக எழுதி ஒட்டினான்.

வெள்ளிக்கிழமை நான் தோவாளையில் இறங்கியபோது மணி ஆறரை. ஓசூர் வண்டி வந்து போய்விட்டிருந்தது. என் பெட்டி இல்லை. சந்தையில் யாரும் பெயர் வாசிப்பதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பெட்டி மேல் இருக்கிற வியாபாரியின் சாயக் குறியைப் பார்த்துத்தான் வீசுவார்கள். தம்பிக்குக் கிடைத்த பழைய பெட்டியில் சிவப்பு வட்டம் இருந்திருக்கிறது. சிவப்பு வட்டம் என்றால் திருவனந்தபுரத்தில் சாலை என்கிற பெரிய சந்தைக்குப் போகிற பெட்டி. தூக்கிப் போட்டவர் நேர்மையாகத்தான் போட்டிருக்கிறார். பின்கோடு வரைக்கும் எழுதிய என் தம்பிதான் ஒரு வட்டத்தை அழிக்கவில்லை. திருவனந்தபுரம் போகிற நீல மினி லாரி ஆறு மணிக்கே கிளம்பிவிட்டது, டிரைவரின் செல் அணைந்து கிடந்தது. எந்த ஊரோடு போட்டி போட்டேனோ அந்த ஊருக்கே என் சரக்கு போய்க்கொண்டிருந்தது. அண்ணாச்சியின் பூக்கூடை பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. அண்ணாச்சிதான் உலுக்கினார். எந்த வண்டியும் கேரள எல்லையில் களியக்காவிளை செக்போஸ்ட்டில் நின்றுதான் ஆக வேண்டும், அங்கே யாராவது ஆள் இருக்கா என்றார்.

ஆள் இருந்தது. ஜெரோம் அன்று கடலுக்குப் போகவில்லை. விடிந்ததிலிருந்து என் கடை வாசலில் பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். போனில் நான் பாதி சொல்லும்போதே பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது. செக்போஸ்ட் வரிசையில் அந்த நீல மினி லாரியைப் பிடித்துவிட்டார். உள்ளே ஒரே மாதிரி முப்பது பெட்டி, எல்லாவற்றிலும் சிவப்பு வட்டம். ஒட்டிய காகிதமோ ஈரத்தில் எங்கோ விழுந்துவிட்டது. அவர் பிரிக்கவேயில்லை. மீன் பெட்டி தூக்கிப் பழகிய கை. ஒவ்வொன்றாகத் தூக்கிக் கனம் பார்த்து, ஒன்பதாவதை இறக்கிவிட்டார். வேடிக்கை பார்த்த செக்போஸ்ட் ஏட்டு பெட்டியைத் திறக்கச் சொல்லி, உள்ளே இருந்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: “ரோசாப்பூவுக்க நடுவுல பந்தாட்டம் கடத்துதவன இண்ணைக்குத்தான் பாக்கேன். போ, ஆட்டத்துக்கு நேரமாச்சு.”

பத்து மணி

நான் பஸ்ஸில் வந்து இறங்கியபோது மணி ஒன்பதே முக்கால். கடை வாசலில் நிற்க இடமில்லை. ஷட்டரைத் தூக்கியதும் ஜெரோம் பெட்டியை மேஜை மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார், நான்தான் பிரிக்க வேண்டும் என்று. பிரித்தேன். ரோஜா வாசனை கடை முழுக்க அடித்தது. உறை எல்லாம் ஈரம், உள்ளே டிஸ்க் ஒன்றும் கெடவில்லை. சேலைத் தலைப்பால் ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொடுத்தேன். சிலவற்றில் இதழ் ஒட்டியிருந்தது. அப்படியே தா அக்கா என்று வாங்கிப் போனார்கள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அன்று நான் யாரையும் பார்த்துக் குனியவில்லை.

மத்தியானம் ஒரு கார் வந்து நின்றது. திருவனந்தபுரத்துக்காரர். அங்கே வரவேண்டிய சரக்கை ஏற்றாமலே விமானம் கிளம்பிவிட்டதாம், நாளைக்குத்தான் வருமாம். குளச்சலில் இருக்கிற நண்பர் சொல்லித் தேடி வந்திருக்கிறார். தனக்கு ஒன்று, நண்பர்களுக்கு மூன்று வாங்கினார். திருவனந்தபுரத்திலிருந்து திங்கள்நகருக்கு வந்து! அவருக்கும் துடைத்துக் கொடுத்தேன். கோயில் வாசனை வருகிறதே என்பதுபோல் முகர்ந்து பார்த்துவிட்டு மலையாளத்தில் கேட்டார்: “இது கடையோ, அம்பலமோ?”

முப்பத்தொன்பது

ஞாயிற்றுக்கிழமைக்குள் முப்பத்தொன்பது போய்விட்டது. நாற்பதாவதை நான் விற்கவில்லை. துணியில் சுற்றி, ஒரு சேலையோடு சேர்த்துக் கொல்லங்கோட்டுப் பெரியம்மாவுக்குக் கொண்டு போய்க் கொடுத்தேன். சேலையை வைத்துக்கொண்டு டிஸ்க்கை பேரனுக்குக் கொடுத்தார்.

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். குரலில் பழைய சிரிப்பு இல்லை. எல்லாம் விற்றுவிட்டது, இன்னும் முப்பது வேண்டும் என்றேன். திங்கள்நகரை முதல் நாள் பட்டியலில் சேர்த்தாயிற்று என்றார். அதைச் சொல்லிவிட்டும் போனை வைக்கவில்லை. எந்த கூரியர் என்று கேட்டார். பூ வண்டி என்றேன். பூ வண்டியா என்று திருப்பிக் கேட்டார். ஆமாம், பூ வண்டிதான் என்று நிதானமாக, அனுபவித்துச் சொன்னேன். திருநெல்வேலிச் சரக்கு இன்னும் மதுரையில் நிற்கிறதாம், அங்கே கடைக்காரர் தினமும் கூப்பிட்டுக் கத்துகிறாராம். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: “மேடம், அந்தப் பூ வண்டியில திருநெல்வேலிக்கும் ரெண்டு பெட்டி ஏத்துவாங்களான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?”

இப்போது கேம் எல்லாம் நெட்டிலேயே இறங்கிவிடுகிறது, நானும் கடையைத் தையல் சாமான் கடையாக மாற்றி வருஷங்கள் ஆயிற்று, ஆனாலும் நூல்கண்டு மதுரையில் நிற்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் என் கை தானாகவே தோவாளை அண்ணாச்சியின் நம்பரைத்தான் தேடுகிறது, நூல் வாடாது என்று அவர் கண்டுபிடிக்காதவரைக்கும் எனக்குக் கவலையில்லை.